ஒன்பது படங்களும் ஓர் அறையும்

அங்கே அவளுக்கு 'அளவக்கா' என்றுதான் பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை, மூடிப்போன நூற்பாலையின் கிடங்கில் வட்டாரக் கலைச் சந்தை நடக்கும். ஆறு ஊர்களிலிருந்து ஓவியர்களும் சிற்பிகளும் வந்து கடை போடுவார்கள். தச்சர் பலகைச் சுவர் எழுப்பி, வெள்ளையடித்துக் கொடுத்ததும் படம் மாட்டும் பொறுப்பு அவளுடையது. படத்தின் நடு, தரையிலிருந்து ஐம்பத்தெட்டு அங்குலத்தில் நிற்க வேண்டும். அரை அங்குலம் பிசகினாலும் ஆணியைப் பிடுங்கச் சொல்லிவிடுவாள். "அக்கா முறைச்சா படம் தானா நேரா நிக்கும்" என்பார் தச்சர்.

இந்த வருஷம் பதினேழாம் கடை அவளுடைய தங்கையுடையது. பட்டியல் வந்த நாளிலிருந்தே தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இருவருக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம். அம்மா படுக்கையில் விழுந்தபோது தங்கை வெகுதூரத்தில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தாள். முதல் கண்காட்சிக்கு ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்த நேரம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறைக்கு மாற்றியதைக்கூட அக்கா சொல்லவில்லை. போனில் கேட்டபோதெல்லாம், "காய்ச்சல்தான், நீ உன் வேலையைப் பாரு" என்று சமாளித்தாள். நல்லதுக்குத்தான் என்று நினைத்தாள். கண்காட்சி திறந்த அன்றே அம்மா போய்விட்டாள். தங்கையால் நேரே மயானத்துக்குத்தான் வர முடிந்தது. "எனக்கும் சேர்த்து நீயே முடிவு பண்ணிட்டே" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அக்கா எத்தனையோ தடவை போனை எடுத்திருக்கிறாள். பாதி எண்ணை அழுத்தியதும் கீழே வைத்துவிடுவாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் பெட்டி வந்தது. திருகாணிகளைக் கழற்றி, சுற்றியிருந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கீறல், கறை ஏதாவது இருந்தால் தாளில் குறிக்க வேண்டும். கைக்கு அடக்கமான ஒன்பது படங்கள். ஒன்பதிலும் ஒரே அறை. ஒரு கட்டில், பக்கத்தில் ஆளில்லாத நாற்காலி, இடப்பக்க ஜன்னலிலிருந்து வெயில். கட்டிலில் அம்மா. ஒரு படத்தில் தலை வாரிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கடைசியில் இருந்த வாடகை அறை அப்படி இல்லை. அம்மாவால் கடைசி இருபது நாள் உட்காரவே முடியவில்லை. தான் காட்டாமல் மறைத்ததையெல்லாம் தங்கை தானாகவே கற்பனை செய்து பார்த்திருக்கிறாள் என்று அக்காவுக்குப் புரிந்தது. தாளில் 'குறை' என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு 'இல்லை' என்று எழுதினாள்.

மாட்டி முடித்தபோது பின்னால் குரல் கேட்டது.

"ரொம்ப மேல இருக்கு."

தங்கை. காதோரம் நரைத்திருந்தது.

"அளவு சரியாத்தான் இருக்கு."

"இது உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம். நாற்காலியில உட்கார்ந்தா கண்ணுக்கு நேரா வரணும்."

அளவக்கா அத்தனை ஆணியையும் தானே பிடுங்கினாள். தச்சர் வியந்து பார்த்தார். ஒன்பது படமும் ஒரு முழம் கீழே இறங்கின.

காலிப் பெட்டியின் ஓரத்தில் தங்கை உட்கார்ந்து படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜன்னல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"தலைமாட்டுல. அம்மாவால திரும்பிப் பார்க்க முடியல. வெளியில என்ன தெரியுதுன்னு நான்தான் சொல்லுவேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"பக்கத்து வீட்டுச் சுவர். நான் மரம், பஸ், மழைன்னு அளந்து விடுவேன்."

தங்கையின் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "என்னைக் கேட்டாளா?"

பொய் சொல்வது அக்காவுக்குச் சுலபம்தான். இந்தத் தடவை மனசு வரவில்லை.

"தினமும் கேட்டா. கடைசி நாலு நாள் என்னையே குட்டின்னு கூப்பிட்டா. எப்படி வந்தே குட்டி, சாப்பிட்டியான்னு கேட்டா."

குட்டி என்பது அம்மா தங்கைக்கு வைத்த செல்லப் பெயர்.

"நீ என்ன சொன்னே?"

"இப்பதாம்மா வந்தேன், சாப்பிட்டேன்னு சொன்னேன்."

தங்கை முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தொடலாமா வேண்டாமா என்று அக்காவின் கை பாதியில் நின்றது.

"உன்னை வரச் சொல்லியிருக்கணும். தப்பு பண்ணிட்டேன்."

"பரவாயில்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"சொல்ல வேண்டாம்."

"அந்த ரூமை ஒரு தடவை பார்க்கணும்க்கா."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு வந்த அந்த 'அக்கா'வைக் கேட்டுவிட்டு இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "இடிச்சுட்டாங்கடி. இப்போ அங்க வரிசையா கடைங்க."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ நீ சொல்லு. முதல் நாள்லேருந்து. எதையும் விடாம."

சந்தையை நடத்துபவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். இருபத்தொன்றாம் கடையில் சுவர் சாய்கிறதாம், உடனே வர வேண்டுமாம்.

"தச்சரைக் கூட்டிட்டுப் போங்க. நான் வர நேரமாகும்" என்றாள் அளவக்கா.

பெட்டியில் தங்கை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அக்கா உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு வியாழக்கிழமை" என்று ஆரம்பித்தாள். "ஆட்டோவுல இருந்து இறங்கும்போதே அம்மா என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா."