குழல்வாய்மொழி டீச்சரின் சனிக்கிழமை

“இன்னைக்கு மேசை ஒண்ணும் காலி இல்லியே டீச்சர்” என்றார் காஜா.

குழல்வாய்மொழி அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். பதினோரு மேசைகளில் நான்கில்தான் ஆள் இருந்தது. அருவியில் குளித்துவிட்டு வந்த ஒரு கேரளக் குடும்பம், ஈரத் தலையோடு பீட்சாவைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

“காஜா, நான் கணக்கு டீச்சர். பதினொண்ணுல நாலு போனா எத்தனை?”

காஜா தலையைத் தாழ்த்திக்கொண்டார். “உங்க கொழுந்தனார் நேத்து வந்திருந்தாவ. மைனி தனியா வந்தா இடம் இல்லன்னு சொல்லிருங்கன்னாவ. கோயில் காரியத்துல முன்னால நிக்கிற மனுசர். நான் கடை நடத்துதவன். என்ன செய்யச் சொல்லுதிய?”

“நீங்க சொல்லிட்டிய. நான் கேட்டுட்டேன். இப்ப வழியை விடுங்க.”

வழக்கமான ஜன்னலோரத்தை விட்டுவிட்டு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடுமேசையில் போய் உட்கார்ந்தாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருக்கிறது அந்த இத்தாலியச் சாப்பாட்டுக் கடை. காஜா பன்னிரண்டு வருடம் இத்தாலியில் ஒரு சமையற்கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தது. சைவத்துக்கு என்று தனி ஓவனே வைத்திருந்தார். ஊரில் எல்லாருக்கும் அது ‘பீட்சாக்கடை’தான்.

குழல்வாய்மொழிக்கு ஐம்பத்தைந்து வயது. தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை. கணவர் குத்தாலிங்கம் மாரடைப்பில் போய் இரண்டு வருடம் ஆகிறது. நல்ல மனிதர். ஒரு நாள்கூடச் சத்தம் போட்டுப் பேசியதில்லை. ஆனால் எந்த ஹோட்டலுக்குப் போனாலும், அவள் உட்காருவதற்குள் “ரெண்டு நெய் ரோஸ்ட்” என்று சொல்லிவிடுவார். முப்பது வருடம் அப்படித்தான் போனது. அது ஒரு குறை என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

போன வருடம் சீசனுக்கு மகள் உமா மகேஸ்வரி கோவையிலிருந்து வந்தபோது அம்மாவை இந்தக் கடைக்குக் கூட்டி வந்தாள். உட்கார்ந்ததும் அவளுக்கு ஒரு போன் வந்தது. மெனு கார்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். “என்னம்மா வேணும்?” என்று பரிமாறுகிறவர் வந்து நின்றார். குழல்வாய்மொழி கார்டை முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் வாசித்தாள். பிறகு தானே தேர்ந்தெடுத்தாள். கத்தரிக்காயைச் சுட்டு, தக்காளிக் குழம்பும் சீஸுமாக அடுக்கடுக்காக வைத்து ஓவனில் வேகவிட்டது. அது கொப்பளித்துக்கொண்டே மேசைக்கு வந்தது. முதல் வாயிலேயே அவள் கண் நிறைந்துவிட்டது.

“என்னம்மா, அழுதியா?” என்றாள் போன் பேசிவிட்டுத் திரும்பி வந்த மகள்.

“சூடு” என்றாள்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனியாக வந்துவிடுவாள். கார்டில் இருந்த சைவ வகைகளை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்த்தாள். பிடிக்காததை மிச்சம் வைத்தாள். அதுவும் அவளுக்குப் புதிதுதான்.

காஜா இப்போது தயங்கித் தயங்கி அந்தக் கத்தரிக்காய்த் தட்டை நடுமேசையில் கொண்டுவந்து வைத்தார். “மனசுல வச்சிக்கிடாதிய டீச்சர்.”

“வச்சிக்கிடத்தான் செய்வேன். அது இருக்கட்டும். இதை வீட்டுல செய்யணும்னா எப்படி?”

பேச்சு மாறியதே போதும் என்று அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். “கத்தரிக்காயை நீளவாக்குல நறுக்குங்க. உப்புப் போட்டு அரை மணி நேரம் வச்சா தண்ணி விட்டுரும். துடைச்சு, எண்ணெய் தடவி ஓவன்ல சுட்டு எடுங்க. தக்காளியை மிக்ஸியில அடிக்காதிய, கையால பிசைங்க. பூண்டு போதும். நம்ம ஆளுகளுக்கு மசாலா போடச் சொல்லி கை அரிக்கும், போட்றாதிய. எதுக்கு டீச்சர், இனி இங்கன வரமாட்டியளா?”

“இங்கனயும் வருவேன். வீட்டுலயும் செய்வேன்.”

பத்தாம் நாள் அவள் வீட்டு வாசலில் லோடு ஆட்டோவில் ஓவன் வந்து இறங்கியது. தெருவே பார்த்தது. மறுநாள் சாயங்காலம் கொழுந்தன் பரமேஸ்வரன் வந்துவிட்டார்.

“இது என்னது மைனி?”

“ஓவன்.”

“எதுக்கு?”

“சுட்டுத் திங்கதுக்கு.”

அவர் குரலைத் தணித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “அண்ணன் போயி ரெண்டு வருசம்தான் ஆவுது. நீங்க பாய் கடையில ஒத்தையில உக்காந்து சீஸும் அதுவும் இதுவும் சாப்பிட்டா ஊருல என்ன பேசுதாவ தெரியுமா?”

“என்ன பேசுதாவ?”

அவர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, யாரு பேசுதா? பேரைச் சொல்லுங்க. நான் போயி கேட்டுட்டு வாரேன்.”

“அதுக்கில்ல மைனி. நம்ம வீட்டுப் பொம்பளையளுக்குன்னு ஒரு மொறை இருக்குல்லா...”

“உங்க அண்ணன் காரியம் முடிஞ்ச மறுநாள் ஸ்கூலுக்குப் போனேன். தனியாத்தான் போனேன். வாரிசு சர்டிபிகேட்டுக்காவ தாலுகா ஆபீசுக்கு எட்டு மட்டம் அலைஞ்சேன். கரண்ட் ஆபீசு, பேங்க்கு, எல்லாத்துக்கும் தனியாத்தான் போனேன். துணைக்கு வாரேன்னு நீங்க ஒரு நாள் சொல்லல. அப்பல்லாம் வாயைத் தொறக்காத ஊரு, நான் ருசியா ஒரு வாய் திங்கப் போனா மட்டும் பேசுதோ?”

பரமேஸ்வரன் எழுந்தார். வைத்த காபி அப்படியே இருந்தது.

“வார ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மத்தியானச் சாப்பாடு இங்கன” என்றாள். “நீங்க, வித்யா, பிள்ளைய ரெண்டும் வாங்க. சுத்த சைவம். என் கையால செய்யுதேன்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

முதல் தடவை செய்தது மேலே கரிந்து அடியில் வேகாமல் இருந்தது. மேல்கம்பி மட்டும் சூடாகிற மாதிரி பொத்தானைத் திருப்பியிருந்தாள். கரியைச் சுரண்டிவிட்டு நடுப்பாகத்தைத் தின்றாள். இரண்டாவது தடவை தக்காளி தண்ணீர் விட்டுக் கூழாகிவிட்டது. மூன்றாவது தடவை, தொட்டியில் வளர்ந்த திருநீற்றுப்பச்சிலையில் நான்கைக் கிள்ளிப் போட்டு, தக்காளியை நன்றாகச் சுண்டவைத்து அடுக்கினாள். ஓவனைத் திறந்ததும் வந்த வாசனையில் அடுப்படியில் நின்றபடியே சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி வரைக்கும் யாரும் வரவில்லை. அவள் தனக்குப் பரிமாறிக்கொள்ளும் நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பரமேஸ்வரனின் மனைவி வித்யாலட்சுமி மட்டும் இறங்கினாள்.

“அவுக தூங்குதாவ” என்றாள். “அடுத்த தெரு சந்தனமாரி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேங்க்கா.”

குழல்வாய்மொழி தட்டில் ஒரு பெரிய துண்டு வைத்தாள். வித்யாலட்சுமி அதைத் தின்று முடித்தாள். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாள். அதைப் பாதி தின்றதும் கையை நிறுத்திவிட்டாள்.

“அக்கா, அவுகட்ட சொன்னது நான்தான்.”

“என்னது?”

“குத்தாலநாதர் கோயிலுக்குப் போயிட்டு கார்ல திரும்பி வரும்போது கண்ணாடி வழியா உங்களைப் பாத்தேன். கன்னத்துல கையை வச்சிக்கிட்டு சாரலைப் பாத்துட்டு இருந்திய. முன்னால தட்டு. யாருக்கும் பரிமாறல, யாரும் எந்திரிச்சு வாரதுக்காவ காத்துக் கெடக்கல. எனக்கு வயிறு எரிஞ்சுது. வீட்டுக்கு வந்ததும், பாருங்க உங்க மைனியன்னு சொல்லிட்டேன்.”

குழல்வாய்மொழிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து போய்க் கையைக் கழுவினாள். குழாயை மூடிய பிறகும் அங்கேயே நின்றாள்.

“உன் வாயால நான் கடை வாசல்ல நின்னேன், வித்யா.”

“ஆமாக்கா.” அவள் அழவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். “கல்யாணமாயி இருபத்திரெண்டு வருசம் ஆச்சு. ஒரு நாளாவது சூடா சாப்பிட்டிருக்கேனான்னு நெனச்சுப் பாக்கேன். ஞாபகம் வரல.”

கோபம் முழுதாகப் போகவில்லை. என்றாலும் குழல்வாய்மொழி திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள். “முத சனிக்கிழமை எங்கூட வருதியா?”

வித்யாலட்சுமி நிமிர்ந்தாள்.

“வந்தா, உங்க வீட்டுக்காரர்ட்ட எங்க போறேன்னு சொல்லிட்டு வா. சந்தனமாரி பேரைச் சொல்லிட்டு வாரதா இருந்தா வர வேண்டாம்.”

அந்தச் சனிக்கிழமை நல்ல சாரல். வித்யாலட்சுமி ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். “அவுகட்ட சொல்லிட்டேன்” என்றாள் வழியில். கடையில் நடுமேசையில் உட்கார்ந்தார்கள். சாப்பாடு வந்து இரண்டு வாய்கூட ஆகியிருக்காது, பரமேஸ்வரனின் கார் வந்து நின்றது.

அவர் கடைக்குள் நாலடி வந்தார். “வித்யா, எந்திரி.”

எல்லா மேசைகளும் திரும்பின. காஜா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். “அண்ணாச்சி, இடம் கெடக்கு. உக்காந்தா உங்களுக்கும் சாப்பாடு தாரேன். எங்கடையில சாப்பிடுதவங்களை எழுப்பாதிய.”

குழல்வாய்மொழி எதிரில் இருந்தவளைப் பார்த்தாள். இது வித்யாலட்சுமி சொல்ல வேண்டிய பதில். அவள் தட்டை அருகில் இழுத்துக்கொண்டாள். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ரொட்டியைக் கையால் பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள்.

“உங்கட்ட சொல்லிட்டுத்தான வந்தேன்? சூடா இருக்கு. சாப்பிட்டுட்டு வாரேன்.”

பரமேஸ்வரன் கடையைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பரமேஸ்வரன் திரும்பி மழைக்குள் இறங்கிப் போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை வித்யாலட்சுமி மென்றுகொண்டே இருந்தாள்.

நான்கு நாள் அவர் மனைவியோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காபி கேட்டார். மைனியோடு இன்னும் பேச்சு இல்லை. கோயிலில் எதிரே பார்த்தால் கொடிமரத்தைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொள்கிறார். வித்யாலட்சுமி மாதம் தவறாமல் வருகிறாள். பள்ளியிலிருந்து இரண்டு டீச்சர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மகள் போனில் கேட்டாள். “சித்தப்பா மன்னிப்புக் கேட்டாவளாம்மா?”

“இல்ல.”

“நீ போயி ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாம்லா?”

“எதுக்கு? நான் என்ன தப்பு செஞ்சேன்? போனை வையி, காளான் வாங்கி வச்சிருக்கேன். லசானியா அடுக்கி ஓவன்ல வைக்கணும்.”