மேலே இருந்த அறுபது அடி

சர்வேயர் தட்டச்சு செய்த தாளோடு வந்தபோது கோவேறு கழுதையின் குளம்பிலிருந்து நெட்டை கல் நோண்டிக்கொண்டிருந்தாள். மலையேறுகிறவர்களுக்குச் சுமை தூக்கியே இருபது வருஷம் ஓட்டியவள். உயரத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது.

"ஒரே ஒரு கையெழுத்து," என்றார் சர்வேயர். "நாம ரெண்டு பேரும் சிகரத்துல நின்னோம்னு."

பதினோரு வருஷத்துக்கு முன் அந்தச் சிகரத்தை முதலில் தொட்டது தானே என்று மலையேறுவோர் சங்கத்தின் பதிவேட்டில் எழுதிவைத்தவர் அவர். போன கோடையில் ஏறிவந்த டாக்டர் ஒருவர், மேலே மனித அடையாளமே இல்லை, முதலில் ஏறியது நான்தான் என்று கிளம்பியிருந்தார். சங்கம் விசாரணை வைத்துவிட்டது. சர்வேயருக்கு இருந்த ஒரே சாட்சி நெட்டைதான்.

அவள் தாளை நிதானமாகப் படித்தாள். "நாம எங்கே நின்னோம்? அறுபது அடி கீழேயே நீங்க வாந்தி எடுத்து உட்கார்ந்துட்டீங்க. மேலே என்ன இருக்குன்னு பார்த்துட்டு வான்னீங்க. போனேன், பார்த்தேன், வந்தேன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"இப்பத்தானே கேக்குறாங்க."

அவர் முகம் சுண்டிப்போய்த் திரும்பினார். அவள் புருஷன் கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னான், "சங்கத்தை நம்பித்தான் நாலு கழுதை கட்டியிருக்கோம். ஒரு கையெழுத்துப் போட்டா கை தேஞ்சா போயிடும்?"

"கை தேயாது," என்றாள். "நான் தேஞ்சுடுவேன்."

விசாரணை நாளில் சங்கத்தின் நீள மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தார்கள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. சுவரோரம் கிடந்த ஒன்றை இழுத்துப் போட்டு அவளே உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். சர்வேயர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆதாரம்?" என்றார் செயலாளர்.

"உச்சியில ஒரு சாண் அகலத்துக்குப் பாறை வெடிச்சிருக்கும். என் சுமைவாருல அறுந்த பித்தளைக் கொக்கியை அதுக்குள்ள சொருகினேன். மேலே மூணு கல் வச்சேன்."

எதிரே இருந்த டாக்டர் கோட்டுப் பையிலிருந்து பச்சை பூத்த கொக்கி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். "காக்கா கொண்டுவந்து போட்டதுன்னு நினைச்சுக்கிட்டேன்," என்றார். பிறகு, "இல்ல. அப்படி நினைக்க ஆசைப்பட்டேன்."

செயலாளர் பேனாவைத் திறந்து எழுதினார்: முதலில் ஏறியவர், சர்வேயர், உடன் ஒரு சுமைக்காரி.

"அடிங்க அதை," என்றாள் நெட்டை.

"உறுப்பினர் பேரைத்தான்மா ஏத்த முடியும். விதி அப்படி."

"விதியை எழுதினது யாரு?"

"நாங்கதான்."

"அப்ப அதைத் திருத்தவும் உங்களுக்குத்தான் தெரியும்."

செயலாளர் பதிவேட்டை மூடினார். அவள் கொக்கியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மறுநாளே, இனி அவளுக்கும் புருஷனுக்கும் வேலை இல்லை என்று சங்கத்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

புருஷன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, சுமை தூக்குகிற பதினான்கு வீட்டுக்கும் போனான். "என் வீட்டுக்காரி ஏறினதை ஒருத்தன் தன் பேர்ல எழுதிக்கிட்டான்," என்றான். "நாளைக்கு உங்களுக்கும் இதேதான்." எங்கே போனாய் என்று அவள் கேட்டதற்கு, "சும்மா ஒரு நடை," என்றான்.

பருவத்தின் முதல் பயணம் கிளம்பும் காலை. சங்கத்து முற்றத்தில் பதினான்கு மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. பதினான்கு பேரும் பக்கத்தில் கைகட்டி நின்றார்கள். ஒருத்தரும் குனியவில்லை. செயலாளர் அதட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். வேறு ஆள் பிடிக்கப் போனவன் வெறுங்கையோடு வந்தான்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"பேரு," என்றான் ஒருத்தன்.

அரைமணி நேரம் கழித்து செயலாளரே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நெட்டைக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் வந்து, பழைய வரியை அடிக்கச் சொல்லி நின்று பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கித் தன் பெயரை முழுதாக எழுதினாள்.

"அவ்வளவுதானே?" என்றார் செயலாளர்.

"இன்னைக்குப் போறவங்க பேரும்," என்றாள்.

பதினான்கு பேரையும் எழுதி முடிக்க உச்சிவெயில் ஆகிவிட்டது. அதுவரை சங்கத்துக்காரர்கள் மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.