மூன்று விண்மீன்கள்

எருசலேமின் குன்றுகள்மேல் இளவேனிற் கதிரவன் ஏறி, திருக்கோயிலின் வெண்சுவர்கள் கண் கூசுமாறு ஒளிர, ஆட்டுக்குட்டிகளின் கதறலும் கொழுப்புப் புகையும் தொலைவூரார் இரைச்சலும் கலந்து தெருக்களை நிறைத்த முற்பகலில், பெண்கள் முற்றத்துப் படிகளின் அடியில், இரு காட்டுப்புறாக்கள் அடைத்த கூடையை மார்போடு அணைத்தபடி, அடுத்த அடி வைக்க மாட்டாது நின்றாள் யெமீமாள். அன்று மாலை விடுதலைத் திருநாள் விருந்து. புறாக்களைப் படைத்துத் தூய்மை பெற்றாலன்றி ஆட்டிறைச்சியில் ஒரு துண்டும் அவள் உண்ணலாகாது.

பெண்மகவு ஈன்றவள் திருக்கோயிலுள் நுழைய எண்பது நாள் விலக்கு. அவள் ஈன்றதோ அந்திப்பொழுதில். வானில் மூன்று விண்மீன்கள் தோன்றினால் அவர்கள் கணக்கில் மறுநாள் பிறந்துவிடும். தோன்றுமுன்னரே குழந்தை பிறந்ததென மருத்துவச்சி சொல்ல, எண்பதும் நேற்றோடு முடிந்தனவென்று வீட்டார் மகிழ்ந்திருந்தனர்.

மாமியார் எப்சிபாள் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சீறினாள்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிறே? ஏறு!"

"கால் வரல அத்தை. இவ பொறந்தப்போ சன்னல்ல மூணு வெள்ளி தெரிஞ்சுது. இன்னிக்குத்தான் எண்பது."

"வலியில உனக்குப் பட்டப்பகல்லயே வெள்ளி தெரிஞ்சிருக்கும்! முதல் திருநாளுக்கே மருமக பந்தியில இல்லைன்னா ஊரு என்னைக் காறித் துப்பும்டி."

"தீட்டோட உள்ளே போனா ஆண்டவர் துப்புவாரே, அத்தை."

இதுவரை மாமியாரை எதிர்த்து ஒரு சொல்லும் பேசியறியாதவள் அவள். தலைவாயிலில் நின்ற ஆசாரியர் வருமாறு கையசைத்தார். யெமீமாள் தலையசைத்து மறுத்து, படியடியிலேயே அமர்ந்தாள். வசை மழையாய்க் கொட்டுமென்று கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

வசை வரவில்லை. முழங்கால் நெரிய, பெருமூச்சோடு எப்சிபாள் அருகே அமர்ந்தாள்.

"நானும் பார்த்தேன்டி," என்றாள் மெல்ல. "மூணு இல்ல, நாலு. மருத்துவச்சிய அப்படிச் சொல்ல வெச்சதே நான்தான்."

"ஏன் அத்தை?"

"மக இல்லாத வீடு. இந்தத் திருநாளுக்காவது பக்கத்துல ஒருத்தி உக்காந்து சாப்பிடுவான்னு நெனச்சேன்."

யெமீமாள் அவளது மறுதோளில் சாய்ந்தாள். கூட்டம் அவர்களைக் கடந்து ஏறிக்கொண்டேயிருந்தது. இறைவனுக்கு அஞ்சியவளும் தனிமைக்கு அஞ்சியவளும் ஒரே படியில் தோளொட்டி அமர்ந்திருக்க, கூடைக்குள் அப்புறாக்கள் இரண்டும் இன்னும் உயிரோடிருந்தன.