சம்பந்தி வீடுதான் பக்கமாம்

எங்கள் குடும்பத்தில் முதல் பேரனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயர்தான். என் பெயர் ஸ்டெர்யோஸ். என் தாத்தாவும் ஸ்டெர்யோஸ். கிரேக்க நாட்டில், எங்கள் சலோனிக்காவில் இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை.

ஆனால் மகன் லாசரோஸ் மனைவி, குழந்தையோடு மியூனிக்கிலிருந்து வந்த வாரமே, மருமகள் தெஸ்பினாவின் அப்பா ப்ரோத்ரொமோசும் இத்தாலியிலிருந்து வந்து இறங்கினார். நாங்கள் அழைக்கவில்லை. பாரி நகரத்துக்குப் படிக்கப் போய், பல் டாக்டராகி, அங்கேயே தங்கிவிட்டவர். ஒரே மகள். பேரன் என்னிடம் வந்தால் அழுதான். அவர் மடியில் கெக்கலித்தான்.

ஞாயிறு மதியம் அடுப்பிலிருந்து ஆட்டுக்கறி வந்ததுமே ஆரம்பித்தார்.

"ஞானஸ்நானத்தை பாரியில வச்சிடலாமே சம்பந்தி. நம்ம கோயில் அங்கயும் இருக்கு. மியூனிக்லேருந்து ஒன்றரை மணி நேரம். புள்ள பால் குடிச்சு தூங்கி எழுந்தா எங்க வீடு. இங்க வர மூணு மணி நேரமாச்சே, பாவம்!"

அவர் ஊர், அவர் கோயில். பெயரும் அவருடையதாகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? மகனின் போனை வாங்கி, திரும்பிப் போகும் டிக்கெட்டைப் பார்த்தேன்.

"இங்க ரெண்டு மணிக்குக் கிளம்புது. மியூனிக்ல மூணு மணிக்கு இறங்குது. ஒரு மணி நேரம்! எது பக்கம்?"

ப்ரோத்ரொமோஸ் முட்கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "போகும்போது பின்னாலேருந்து யாராவது தள்ளுவாங்களோ? அங்க கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால சம்பந்தி. தினமும் மகனுக்கு போன் பண்றீங்க, இதுகூட ஞாபகமில்லையா?"

என் மனைவி எவந்தியாவும் சிரித்தாள். முப்பது வருடம் கடை நடத்தியவன் நான். என் மேஜையில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. ஒரு வாய் கறியை மென்று விழுங்கினேன். அப்போதுதான் பிடிபட்டது.

"சரி டாக்டர். வரும்போது மட்டும் அந்தக் கடிகாரம் சும்மா இருக்குமா? நீங்க சொன்ன மூணு மணி நேரத்துல ஒண்ணு கடிகாரத்தோடது. பறக்கிறது ரெண்டே மணி நேரம்."

அவர் சிரிப்பு நின்றது.

"அப்போ அரை மணிதான் வித்தியாசம்," என்றான் மகன்.

"மியூனிக்ல கார் நிறுத்த இடம் தேடவே அவ்வளவு நேரம் ஆகும்," என்றாள் தெஸ்பினா. "அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேளுங்க. பேரு மாமா பேருதான், வழக்கத்தை நான் மாத்தலை. ஞானஸ்நானம் பாரியில. இதுக்கு மேல யாராவது மணி கணக்குப் பேசினா, நான் புள்ளையத் தூக்கிட்டு நேரா மியூனிக் போயிடுவேன்."

நான் ஒப்புக்கொண்டேன். இங்கிருந்து பாரிக்கு நேர் விமானம் கிடையாது, ஏதென்சில் மாறி அரை நாள் அலைய வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. பெயர் என்னுடையது. அது போதும்.

பெயர் சூட்டும்வரை குழந்தையைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். கோயிலில் ஞானத்தாய் உரக்கச் சொல்லும் வரை அந்தப் பெயரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. நானே, தனியாக இருக்கும்போதுகூட, சொல்லிப் பார்த்ததில்லை.

ப்ரோத்ரொமோஸ் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அதன் காதருகே குனிந்து, "ஸ்டெர்யோ... என் ஸ்டெர்யோ..." என்றார்.

பேரன் அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"புள்ளைய இங்க குடுங்க," என்றேன்.

கொடுத்தார். அழ ஆரம்பித்துவிட்டான்.