பச்சைக் குடத்தின் வீடு

பவுனம்மாள் குடியிருந்த வீடு அவள் பேரில் இல்லை. அவளுடைய பச்சைப் பிளாஸ்டிக் குடத்தின் பேரில் இருந்தது. குடிசை மாற்று வாரியம் கட்டிக்கொடுத்த அந்தக் குடியிருப்பில் எல்லோர் வீடும் அப்படித்தான். அதில் யாருக்கும் பெரிய குறை இல்லை. குறைப்பட்டுக்கொள்ள நேரம் வேண்டாமா?

நடந்தது இதுதான். முன்பு அவர்கள் கால்வாய் ஓரத்தில் குடிசை போட்டிருந்தார்கள். தண்ணி லாரி எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. அதனால் விடிந்ததும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை யாராவது நகர்த்திப் பார்க்கட்டும், தெருவே நாறிவிடும்.

அப்படி ஒருநாள் காலையில் கணக்கெடுக்க வந்துவிட்டார்கள். வரிசையில் ஆள் ஒருத்தரும் இல்லை. குடங்கள்தான் வரிசையாக நின்றன. காவலுக்கு உட்கார்ந்திருந்த தனபாக்கியத்திடம் கேட்டார்கள்.

"இது யாரு?"

"இதுவா? பவுனம்மா, சார்."

"பக்கத்துல?"

"அது நானு."

தனபாக்கியம் பொய் சொல்லவில்லை. தினமும் அப்படிச் சொல்லித்தான் பழக்கம். வந்தவர்களும் மறுபேச்சு இல்லாமல் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொருவரையும் நேராக நிற்கவைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு ஆர்க்கிடெக்ட் வந்தார். தங்கமான மனுஷன், பல நாடுகளில் பேரெடுத்தவர். குடியிருக்கப் போகிறவர்களின் உடம்பைப் பார்த்துத்தான் வீடு வரைய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. படங்களை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நாள் பார்த்தார். பார்த்து வரைந்தார்.

வீடு உருண்டையாக வந்தது. மேலே குறுகின கழுத்து, அதுதான் வாசல். ஏணி வைத்து ஏறி, உடம்பை ஒடுக்கி உள்ளே இறங்க வேண்டும். தரையும் உருண்டை என்பதால் எதை எங்கே வைத்தாலும் நடுவுக்கு வந்துசேரும். பவுனம்மாளும் புருஷன் ஏகாம்பரமும் சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கம் படுத்தாலும், விடியும்போது மகள் ரோஷினியையும் சேர்த்து மூன்று பேரும் ஒரே மூட்டையாகக் கிடப்பார்கள். மூலை என்பதே கிடையாது. துடைப்பம் சாய்த்து வைக்க ஒரு மூலை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழ ஒரு மூலை, எதுவும் இல்லை. நடுவில் மட்டும் மட்டமாக ஒரு மேடை. அது வீட்டுக்காரர் நிற்பதற்கு. அதாவது குடம்.

மேஸ்திரி ஜெகநாதன் கணக்கெடுத்த அன்றைக்கு வரிசையில் குடம் வைக்கவில்லை, செங்கல் வைத்திருந்தார். அவருக்குச் செங்கல்லைப் போலவே வீடு வந்தது. உள்ளே இடமே இல்லாத முழுக் கட்டி. அவர் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "மழையில மட்டும் கொஞ்சம் பேஜாரு" என்பார். அவ்வளவுதான் சொல்வார்.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். கேமராவோடு கழுத்து வழியாக எட்டிப் பார்ப்பார்கள். பவுனம்மாள் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பாள். நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்து, இரண்டு பஸ் மாறி, ஏணி ஏறி இறங்கி வந்தவளுக்கு வேறென்ன செய்யத் தோன்றும்?

ஒருநாள் காலையில் பார்த்தால் குடம் விரிசல் விட்டிருந்தது. வாயிலிருந்து அடி வரைக்கும் ஒரே கீறல். தண்ணீர் எல்லாம் தரை நடுவில் தேங்கிக் கிடந்தது.

பவுனம்மாள் கீறலில் விரலை ஓட்டிப் பார்த்தாள். ரோஷினி ஜவுளிக்கடை வேலைக்குப் போயாகிவிட்டது. வீட்டில் ஏகாம்பரம் மட்டும் இருந்தான். மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து அவன் வீட்டோடுதான்.

"ஒடஞ்சிருச்சுய்யா" என்றாள்.

ஏகாம்பரம் படுத்தபடியே திரும்பிப் பார்த்தான். "சோப்பு வச்சி அடை."

"எம்மாம் நீளம் கீது பாரு. சோப்பு நிக்குமா?"

"அப்போ கரண்டிய காய்ச்சி இழு."

கரண்டியைக் காய்ச்சி இழுத்தாள். பிளாஸ்டிக் இளகிப் புகைந்து, கீறல் இன்னும் அகலமானது. வீட்டுக்காரர் போய்விட்டால் வீடும் போய்விடும். போன மாசம் கடைசி வரிசையில் ஒரு நீலக் குடம் தவறிப்போனது. சாயங்காலத்துக்குள் அந்தக் குடும்பத்தைச் சட்டி பானையோடு ஏணிக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள்.

மேலே கழுத்தில் தனபாக்கியத்தின் முகம் தெரிந்தது.

"பவுனு! வாரியத்து சூப்பர்வைசர் வந்துகினு கீறாரு. ஒவ்வொரு வீடா தட்டிப் பாக்குறாரு."

"ஐயோ, இங்க பாருக்கா."

தனபாக்கியம் பார்த்தாள். உச்சுக்கொட்டினாள்.

"கடைக்கி ஓடிப்போய் இதே பச்சையில ஒண்ணு வாங்கியாரட்டா?" என்றாள் பவுனம்மாள்.

"வேணாண்டி. படத்தோட வச்சிப் பாப்பாரு. நீ வெளியாளக் கொண்டாந்து வச்சிகீறேன்னு உள்வாடகை கேசு போட்ருவாரு."

"நான் இன்னாதான் பண்றது?"

தனபாக்கியம் கழுத்துக்குள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "அது எத்தினி வருசமா உன் எடத்துல நின்னுச்சி? ஒரு நாளு அது எடத்துல நீ நில்லேன்."

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. பவுனம்மாளுக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. அலுத்துப்போயிருந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எல்லாம்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைமேல் ஏறினாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏகாம்பரம் தரைத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, உடைந்த குடத்தைப் போர்வைக்குள் தள்ளி, பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

சூப்பர்வைசர் இறங்கி வந்தார். சரிந்து சரிந்து நடுவுக்கு வந்துசேர்ந்தார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பவுனம்மா?"

"ஆமா சார்" என்றாள் அவள்.

சூப்பர்வைசர் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "இதுக்கு முன்னாடி பேசிச்சா?"

"இல்ல சார். பேசாது. நல்ல மாதிரி."

பவுனம்மாள் வாயை மூடிக்கொண்டாள். அவர் விரலை மடக்கி அவள் தலையில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். தோளில் தட்டினார், முதுகில் தட்டினார்.

"காலியா இருக்கே. காலியா இருக்கறவங்களுக்கு வீடு குடுக்க முடியாது. ஊத்துங்க, ஒழுகுதான்னு பாக்கணும்."

தனபாக்கியம் தன் வீட்டுக்காரரைக் கயிறு கட்டி இறக்கினாள். ஆரஞ்சு நிறக் குடம், ததும்பத் ததும்ப. ஏகாம்பரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பவுனம்மாளின் தலையில் ஊற்றினான்.

ஒரு சொட்டு கீழே விழவில்லை. கால் நிறைந்தது, வயிறு நிறைந்தது, நெஞ்சு நிறைந்தது. முழுக் குடமும் கொண்டது. இன்னொன்றும் கொள்ளும் போலிருந்தது. இவ்வளவு இடம் உள்ளே காலியாகக் கிடந்ததா என்று பவுனம்மாளுக்கே ஆச்சரியம்.

சூப்பர்வைசர் குனிந்து அவள் குதிகாலுக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"இந்த வரிசையிலேயே இதுதான் உறுதி" என்றார். "நல்லா வச்சிருக்கீங்க. நகர்த்தாதீங்க, எப்ப வேணும்னாலும் வருவேன்."

ஏணி ஏறிப் போய்விட்டார். தனபாக்கியமும் தன் குடத்தை இழுத்துக்கொண்டு போனாள்.

வீடு தங்கிவிட்டது. பவுனம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது. பெருமையாகக்கூட இருந்தது, பொய் எதற்கு? இத்தனை வருஷத்தில் அவளை உறுதி என்று சொன்னது அந்த மனுஷன்தான். இறங்கலாமா என்று ஏகாம்பரத்தைக் கண்ணால் கேட்டாள். அவன் அவள் காலடியைத் துணியால் ஒத்திவிட்டு, தலைமேல் ஒரு தட்டை வைத்து மூடினான். பூச்சி விழாமல் இருக்க.

போன் அடித்தது. அவள் வேலை செய்யும் வீட்டு அம்மா. ஏகாம்பரம் எடுத்தான். "கெளம்பிட்டாம்மா, பஸ்ஸு கிடைச்சிருக்காது" என்றான். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. "வந்துருவாம்மா, கோவப்படாதீங்க" என்றான். பொய் சொல்கிற ஆளின் முகம் அவளுக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

சாயங்காலம் ரோஷினி வந்தாள். நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கியிருந்தது. செருப்பை விட்டதும் அது நடுவுக்கு உருண்டு வந்தது, அவளும் அதன் பின்னாலேயே வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு டம்ளரை எடுத்தாள். தட்டை விலக்கி ஒரு டம்ளர் மொண்டு மடமடவென்று குடித்தாள்.

பவுனம்மாளுக்கு முழங்கால் வரைக்கும் ஒரு சில்லிப்பு இறங்கியது. என் பொண்ணே, இங்கதான்டி நிக்கிறேன் என்று சொல்ல நெஞ்சு துடித்தது. வாயைத் திறந்தால் சிந்தும். சிந்தினால் ஒழுகுகிறது என்று எழுதிவிடுவார்கள்.

ரோஷினி வாயைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா எங்கப்பா?"

"இன்னும் வேலையிலேர்ந்து வர்ல" என்றான் ஏகாம்பரம்.

"எவ்ளோ நேரம்தான் வேலை வாங்குவாங்க. பாவம்பா அது." ரோஷினி இரண்டாவது டம்ளர் மொண்டாள். மூன்றாவதும் மொண்டாள். தாகம் அப்படி.

"பாத்து மொள்ளு" என்றான் ஏகாம்பரம். "அடியில கீற தண்ணிய விட்டு வை. காலையில வேலைக்கிப் போறப்ப உங்கம்மா குடிக்கணும்."