அக்கா கொடுத்த அட்டை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் மூன்று வருடம் அக்காவின் பெயரில்தான் வேலை பார்த்தாள். உடுத்திய துணியோடு புருஷன் வீட்டைவிட்டு வெளியேறியவள். அவளுடைய அடையாள அட்டை, சான்றிதழ் எல்லாவற்றையும் அவன் பூட்டி வைத்துக்கொண்டான். நகல் கேட்டுப் போன அலுவலகத்தில் மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கடைசியில் அக்காதான் தன் அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே. என்னை மாதிரி ஒரு கண்ணாடி மட்டும் மாட்டிக்க."

பவர் இல்லாத கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆவி படியப்படிய அதைத் துடைத்துக்கொண்டே படுக்கை விரிப்புகளை மடித்தாள். அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதல் வாரம் திரும்பியே பார்க்கவில்லை. காது மந்தம் என்று கூட இருந்தவர்கள் முடிவு கட்டி, பிறகு எப்போதும் அவளிடம் கத்தியே பேசினார்கள்.

ஒரே ஆள் இரண்டு இடத்தில் வேலை செய்வது கணினியில் ஒருநாள் மாட்டாமல் போகுமா? விசாரணை அதிகாரி, அக்கா எழுத்தராக இருந்த பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தலைமையாசிரியை பக்கத்தில் நின்றார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நான் குடுக்கலைங்க. எனக்கு எதுவும் தெரியாது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

அந்த ஒரு தாள் போதுமானதாக இருந்தது. அடையாளத் திருட்டு, ஆறு மாதம் சிறை. வழக்கு நடந்தபோது தங்கை வாயே திறக்கவில்லை. மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்தி வைத்தார்கள்.

மேல்முறையீட்டை எடுத்துக்கொண்ட வக்கீலம்மா, கட்டுக் கட்டான கோப்புகளின் தூசியில் தும்மிக்கொண்டே கேட்டார். "இங்க பாரும்மா, அட்டைக்காரிக்குத் தெரியாம எடுத்தாத்தான் அது திருட்டு. அவங்களே குடுத்திருந்தா இந்தக் குற்றம் நிக்காது. உண்மையைச் சொல்லு. யாரு குடுத்தா?"

"அதை விட்டா வேற வழி இல்லையா மேடம்?"

"இல்லை."

"அப்ப ஆறு மாசம் போயிட்டு வந்துடறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பை துணியோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள். தண்டனை விதித்த பிறகு இருவரும் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை.

"இதை மட்டும் உன் வீட்ல வெச்சுக்கறியாக்கா? அறையைக் காலி பண்ணணும். நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலை, பயப்படாதே." சற்று நின்று, "உன் பேரைக் கெடுக்கலைக்கா. மூணு வருஷத்துல ஒரு நாள்கூட லேட்டா போனதில்லை" என்றாள்.

அக்கா பையை வாங்கவில்லை. நிலைப்படியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வக்கீலம்மா அறையைத் திறக்கும்போது அக்கா வாசலில் காத்திருந்தாள். கையில் பழைய போன் ஒன்று. தங்கை தன் போனிலிருந்து என்றோ அழித்துவிட்ட செய்தி அதில் அப்படியே இருந்தது: 'அட்டை உன் சாப்பாட்டுப் பையில வெச்சிருக்கேன். கண்ணாடி மறந்துடாதே.'

மேல்முறையீட்டு விசாரணையில் நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். "முதல்ல ஏன் பொய் சொன்னீங்க?"

"பயம்ங்க" என்றாள் அக்கா. "இப்பவும் பயமாத்தான் இருக்கு. வேலை போகலாம், என் மேலயே வழக்கு வரலாம்னு வக்கீலம்மா சொன்னாங்க. ஆனா இவ என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலைங்க. திட்டியிருந்தாக்கூட நான் சும்மா இருந்திருப்பேன்."

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. திருட்டுக் குற்றம் ரத்தானது. வேலை கொடுத்தவர்களிடம் பொய்த் தகவல் சொன்னதற்கு ஓர் எச்சரிக்கை மட்டும். வராந்தாவுக்கு வந்ததும் தங்கை அக்காவின் முழங்கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"என் மேல கோவமே இல்லையாடி?"

"இல்லாம இருக்குமா? உன் வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் என்னென்ன கேக்கணும்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டுத்தான் வந்தேன். நீ கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோச்சு."

"இப்பக் கேளு."

"இப்பவா? எனக்குப் பசிக்குது. சாப்பிட்டுட்டுக் கேக்கறேன்."

கேட்கவும் கேட்டாள். எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில், தட்டு காலியாகும்வரை, ஒவ்வொன்றாக. அக்கா எதற்கும் மழுப்பவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரப்போவது இருவருக்கும் தெரியும். அது வரட்டும் என்று விட்டுவிட்டு, இன்னொரு டீ சொன்னார்கள்.