ராஜாங்கத்தின் சிடியில் இல்லாத பன்னிரண்டு நிமிடம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்னவள்தான் இதை எழுதுகிறாள். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் சொல்லாமலே முடித்துவிடுவேன்.

இன்னொன்று. 'நான்' என்று தொடங்கினால் எனக்கு இரண்டாவது வரி வருவதில்லை. அதனால் இனி அவள் சந்தியா. வயது இருபத்தெட்டு. வேதியியல் படித்தவள். உப்பு பாக்கெட் போடும் ஒரு கம்பெனியில் ஈரமும் அயோடினும் அளந்து எழுதும் வேலை. நாலு பேர் சேர்ந்து நின்றால் அந்தப் பக்கம் போகமாட்டாள்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) மரக்காணத்தில் வெயில் இரண்டு முறை அடிக்கும், மேலேயிருந்து ஒரு முறை, உப்பிலிருந்து ஒரு முறை, ஆகவே (அழகாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.)

ஆ) சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் படங்களைப் பெரியவர்களான பிறகு திரும்பப் பார்க்கும்போது நாம் உண்மையில் பார்ப்பது (கட்டுரை. யாரும் படிக்கமாட்டார்கள்.)

இ) "அந்தம்மா நீர்நாயி என்னா ஆச்சு?" என்று அமுதவல்லி கேட்டாள்.

மூன்றாவதுதான் நடந்தது.

2

அப்போது சந்தியாவுக்கும் அமுதவல்லிக்கும் ஒன்பது வயது. தெருவில் டிவி பார்க்கப் பிள்ளைகளை உள்ளே விடும் வீடு சந்தியாவுடையது மட்டும்தான். கோடை விடுமுறையில் மதியம் மூன்று மணிக்கு, கேபிள் வைத்திருந்த ராஜாங்கம் தன் லோக்கல் சேனலில் ஒரு சிடி போடுவார். ஒரே சிடி. தமிழில் பேசும் கார்ட்டூன் படம். வெள்ளத்தில் அம்மா நீர்நாயும் குட்டியும் பிரிந்துபோகும். குட்டி ஒரு கிழட்டு ஆமையோடு ஆற்றில் போய்க்கொண்டே இருக்கும்.

நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் சிடியில் கீறல். படம் உப்புப் பாத்திகள் மாதிரி சதுரம் சதுரமாக உடைந்து நிற்கும். டீ குடிக்கப் போன ராஜாங்கம் ஓடிவந்து எதையோ அழுத்துவார். உடனே கடைசிக் காட்சி வந்துவிடும். பாறைமேல் குட்டியும் ஆமையும், சிரிப்பு, பாட்டு. அம்மா இருக்காது. அந்தக் கோடையில் பதினெட்டு முறையாவது பார்த்தார்கள். பதினெட்டு முறையும் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் முடிவுக்கு வந்தார்கள்.

அமுதவல்லியின் அப்பா பக்கிரி உப்பளத்தில் வேலை செய்தார். அம்மா கொளஞ்சி பொங்கலுக்கு முன்னால் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனவள், திரும்பவில்லை.

"அந்தம்மா நீர்நாயி என்னா ஆச்சு?"

"ராஜாங்கம் அண்ணன் டீயோட சேத்து முழுங்கிட்டாரு," என்றான் பக்கத்து வீட்டு தேவா. "அது நாயே இல்ல. தண்ணியில நனைஞ்ச கீரி."

"எனக்குத் தெரியும்," என்றாள் சந்தியா. "நான் பாண்டியில தியேட்டர்ல பாத்தேன்."

"நீ பல்லு புடுங்கத்தானடி பாண்டிக்குப் போன?"

"புடுங்கிட்டு அப்புறம் போனோம்."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அதுவரை அந்த அறையில் யாரும் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்ததில்லை.

"அது குட்டியத் தேடவே இல்ல," என்றாள். "வேற ஆத்துக்குப் போயிடுச்சு. அங்க வேற குட்டி போட்டுடுச்சு. இத மறந்தே போயிடுச்சு."*

"நெசமாவா?" என்றாள் அமுதவல்லி.

"எங்கம்மா மேல சத்தியமா."

அமுதவல்லி பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மறுநாளும் மூன்று மணிக்கு வந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

* அந்த வாக்கியம் அவளுடையதுகூட இல்லை. குழாயடியில் சந்தியாவின் அம்மா இன்னொருத்தியிடம் கொளஞ்சியைப் பற்றிச் சொன்னது: "அங்க வேற குடும்பம் வெச்சிருப்பா, இத மறந்தே போயிருப்பா." சந்தியா அதை எடுத்து நீர்நாய்க்குப் போட்டாள். அவள் சொன்ன முதல் கதை அது. எல்லாரும் நம்பினார்கள்.

3

இரண்டு வருடம் கழித்து, ஆறாவது படிக்கும்போது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொளஞ்சி பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் நாலு வாழைப்பழம்.

"அமுதவல்லி யாரும்மா? உங்கம்மா வந்திருக்காங்க," என்றார் வாட்ச்மேன்.

அமுதவல்லி தட்டோடு நின்று பார்த்தாள்.

"அது எங்கம்மா இல்ல. அது நீர்நாயி."

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். கொளஞ்சிக்குப் புரியவில்லை, அவர் சிரிக்கிறாரே என்று அவளும் கொஞ்சம் சிரித்தாள். பக்கத்தில் நின்றிருந்த சந்தியாவுக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்

(இந்த வாக்கியத்தை ஐந்து முறை முடித்துப் பார்த்தேன். எப்படி முடித்தாலும் அவள் நல்லவளாகிவிடுகிறாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைத் தின்றாள்.)

அன்றிலிருந்து அமுதவல்லி வாயில் கொளஞ்சிக்கு அதுதான் பெயர்.

4

ஒரு கார்ட்டூன் படமும் ஒரு பொய்யும் சேர்ந்து அம்மாவை மகளிடமிருந்து பிரித்துவிடுமா? அறிவியல் படித்தவளாக எனக்கு இதில் சந்தேகம் உண்டு. அமுதவல்லிக்குக் கோபப்பட வேறு காரணங்கள் இருந்தன, எல்லாமே பெரியவை. நிரூபிக்க வேண்டுமானால் பொய்யைக் கேட்காத இன்னொரு அமுதவல்லி வேண்டும். இருவரையும் அதே கேட்டில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு அமுதவல்லிதான் இருந்தாள்.

5

போன மாதம் பாண்டியிலிருந்து வரும் பஸ்ஸில், சந்தியாவின் போனில் அந்தப் படம் தானாகவே வந்து நின்றது. முழுப் படம். ஏதோ ஒரு ஞாபகத்தில் சிரித்துக்கொண்டு தொட்டாள்.

ஆமை அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னது. பாட்டு மட்டமாக இருந்தது. நாற்பத்தெட்டாவது நிமிடம் சதுரமாக உடையாமல் தாண்டிப் போனது. பன்னிரண்டு நிமிடம் அம்மா நீர்நாய் தேடியது. இந்தக் கரை, அந்தக் கரை, ஒவ்வொரு பொந்தாக. ஒரு மரத்தின் வேருக்கு அடியில் குட்டி தூங்குகிறது. வேருக்கு அந்தப் பக்கம் அம்மா வந்து மோந்து பார்க்கிறது. குட்டியின் வாசனையை மழை கழுவிவிட்டிருக்கிறது. போய்விடுகிறது.

பிறகு அந்தக் கடைசிக் காட்சி. பாறை, சிரிப்பு, பாட்டு. திரையின் அடியில், தூரத்துக் கரையில், ஒரு புள்ளி அசைகிறது. அம்மாதான். இன்னும் வந்துகொண்டிருக்கிறது. படம் முடிந்துவிடுகிறது.

பதினெட்டு முறையும் அந்தப் புள்ளி அங்கேதான் இருந்திருக்கிறது. அதன் மேல்தான் ராஜாங்கத்தின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது: ஜவுளிக்கடை, சீட்டுக் கம்பெனி, வாடகைக்குப் பந்தல்.

6

அமுதவல்லி இப்போது உப்பு வாருகிறாள். இருட்டோடு பாத்தியில் இறங்கினால் ஒன்பது மணிக்கு முடியும். போன ஞாயிற்றுக்கிழமை சந்தியா அங்கே போனாள். அமுதவல்லி கொட்டகை நிழலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது மகள் வைஜெயந்தி அவள் முதுகில் தொங்கினாள்.

"என்னாடி அதிசயமா இருக்குது. கம்பெனில உப்பு தீந்துபோச்சா?"

"சும்மாதான் வந்தேன்."

"நீ சும்மா வர்ற ஆளா?" அமுதவல்லி சிரித்தாள். "சேதி தெரியுமா? நீர்நாயி போன் பண்ணுச்சி. ரெண்டு கண்ணுலயும் பொரையாம். வியாழக்கிழமை ஆபரேஷனாம். அதுக்கு முன்னாடி இவள ஒரு தரம் பாக்கணுமாம். கண்ணு வந்தப்புறம் பாத்துக்கயேன்னேன். வரலன்னா என்னா பண்றதுன்னு கேக்குது."

"போறியா?"

"எதுக்கு? அதான் வேற ஆத்துக்குப் போயிடுச்சே."

பத்தொன்பது வருடத்துக்கு முன் சந்தியா சொன்ன வாக்கியம், ஒரு வார்த்தை மாறாமல்.

சந்தியா போனை எடுத்தாள். "ஒரு படம் பாக்கலாமா? அந்தப் படந்தான்."

"அட! இன்னும் இருக்குதா அது?"

உப்பின் வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. அமுதவல்லி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மூன்று பேர் தலைக்கும் மேல் போட்டாள். உள்ளே ஈரமும் வியர்வையுமாக நெருக்கம். முதல் அரை மணி நேரத்தைத் தள்ளிவிட்டு, ஆமை வரும் இடத்திலிருந்து சந்தியா ஓட்டினாள்.

"இது கீரிம்மா," என்றாள் வைஜெயந்தி.

"தேவா மாமா இதையேதான் சொன்னான்டி!" அமுதவல்லி துண்டு நழுவும்படி சிரித்தாள்.

7

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அமுதவல்லி பன்னிரண்டு நிமிடத்தையும் பேசாமல் பார்த்துவிட்டு வியாழக்கிழமைக்கு முன்னால் சென்னை பஸ் ஏறுகிறாள். (நான் ஆசைப்பட்டது. என் ஆசைக்கு இன்னொரு தரம் அவள் தலையை ஆட்டவேண்டுமா?)

இன்னொன்றில், "அம்மா மேல சத்தியம் பண்ணியேடி," என்று கேட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். (தண்டனை கிடைத்துவிட்டால் எனக்கு நிம்மதி. அதனால் இதுவும் எனக்காகத்தான்.)

மூன்றாவதில், "இது வேற படம்," என்கிறாள். (இதை எழுதிவிட்டு ஒரு முறை படித்தேன். பிறகு அழித்தேன்.)

நடந்தது இவ்வளவுதான். நாற்பத்தேழு நிமிடம், ஐம்பது நொடி. "இப்ப பாரு, கட்டம் கட்டமா வரும்," என்று அமுதவல்லி மகளிடம் சொன்னாள். சந்தியாவின் கட்டைவிரல் தானாகப் போய் படத்தை நிறுத்தியது.

"ஏம்மா நின்னுபோச்சு?"

"இங்க எப்பவும் நிக்கும். ஒண்ணும் பயமில்ல. மிச்சத்த சந்தியா சித்தி சொல்லும். அதுக்குத்தான் தெரியும்."

துண்டுக்குள் இரண்டு முகமும் அவள் பக்கம் திரும்பின.

8

இன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை துண்டுக்குள் அடுத்து என்ன நடந்தது என்று நான் எழுதலாம். எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். எனக்கு அது பழகிய வேலை. அதனால் எழுதவில்லை.

படம் நின்றிருக்கிறது. அதன் நடுவில் ஒரு சின்ன முக்கோணம், தொட்டால் ஓடும். வைஜெயந்தி அதைத் தொட விரலை நீட்டிக்கொண்டிருக்கிறாள். மேலே என் கட்டைவிரல் இருக்கிறது. அதை எடுக்க எனக்கு இன்னும் வரவில்லை.

நீங்கள் எடுத்துவிடுங்கள்.